அலாரம் அக்கா எழுப்பாத ஆள்

அந்த நூலகத்தின் வாசிப்பு அறையில் கண்ணயர்ந்தவர் எவரும் தப்பியதில்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்தால் போதும், அவள் வந்து நிற்பாள். கையில் தேதி முத்திரை இருக்கும். அதன் மரப்பிடியால் மேஜையில் இரண்டு தட்டு. தூங்கியவர் துள்ளி எழுந்து, அதுவரை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தவர் போலப் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். சில சமயம் அது தலைகீழாக இருக்கும். இப்படித்தான் அவளுக்கு அலாரம் அக்கா என்று பேர் வந்தது. முதலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள், அப்புறம் பழகிவிட்டது. ஒரு தடவை போனை எடுத்து, "ஆமாங்க, அலாரம்தான் பேசறேன்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். விதி அவள் போட்டதில்லை. 'இங்கு உறங்கக் கூடாது' என்ற பலகை அவள் வேலைக்கு வரும் முன்பே அங்கே தொங்கியது. நூலகர் தன் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து அறிக்கை எழுதுவார். திறப்பது, பூட்டுவது, ஒட்டடை அடிப்பது, கிழிந்த பக்கத்தை ஒட்டுவது, ஆட்களைக் கண்டிப்பது எல்லாம் உதவியாளர் என்ற பேரில் இவள் தலையில். விளையாட்டுப் பக்கத்தை உருவி அகராதிக்குள் ஒளித்து வைப்பவர், வேலைவாய்ப்பு விளம்பரத்தை எச்சில் தொட்டுச் சத்தமில்லாமல் கிழிப்பவர், குறுக்கெழுத்தில் பேனாவால் தப்பான விடையை எழுதி அடுத்தவர் பிழைப்பைக் கெடுப்பவர், மின்விசிறிக்காக மட்டுமே வருபவர் என்று அத்தனை பேரையும் அவள்தான் கட்டி மேய்த்தாள்.

வீட்டுக்குப் போனால் பேச ஆளில்லை. கல்யாணம் தட்டிக்கொண்டே போய், கடைசியில் அதைப் பற்றிக் கேட்பவர்களும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அவளுக்கென்று இருந்தது அண்ணன் ஒருவர்தான். அப்பா போன பிறகு, தன் படிப்பை நிறுத்திவிட்டு அவளைப் படிக்க வைத்தவர். நூலக வேலைக்கு விண்ணப்பம் வாங்கி வந்ததும் அவர்தான். "எழுதிப் போடு. அங்கே போனாத்தான் உன் வாய் அடங்கும்" என்று கிண்டல் செய்தார்.

அந்த அண்ணன் ஒருநாள் காலையில், அவள் பூட்டைத் திறக்கும் நேரத்துக்கு, தேய்த்த சட்டையும் சாப்பாட்டுப் பையுமாக வாசலில் வந்து நின்றார்.

"என்னண்ணே, கடை லீவா?"

"லீவுதான்." கொஞ்சம் பொறுத்து, "இனிமே எப்பவும் லீவுதான்" என்றார்.

ஒரு டயர் கடையின் சரக்கு அறை அவர் பொறுப்பில் இருந்தது. கடை கைமாறியது. புது முதலாளி தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார், பழைய ஆளுக்குக் கைகொடுத்து அனுப்பி வைத்தார். ஒரு மனுஷனின் பாதி ஆயுசை விழுங்கிவிட்டுக் கைகொடுக்கிறார்களாம், பெரிய மனசு!

"அண்ணிகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லை. நீயும் சொல்லிடாதே. வேற வேலை கிடைச்சதும் நானே சொல்லிக்கறேன். அதுவரைக்கும் இங்க ஒரு ஓரமா உக்காந்துக்கட்டுமா? காலையில கிளம்பியாகணும், சாயங்காலம்தான் திரும்ப முடியும். நடுவுல இருக்கிற பொழுதை எங்கே கொண்டுபோய்க் கொட்டறதுன்னு தெரியலை."

சொல்லும்போது சிரிக்கத்தான் பார்த்தார். அவள் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். அவரை உள்ளே கூட்டிப் போய், அகராதிகள் வைத்திருக்கும் பெரிய அலமாரிக்குப் பின்னால், ஜன்னலோரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். நூலகரின் கண்ணாடித் தடுப்பிலிருந்து பார்த்தால் அந்த மூலை தெரியாது. அண்ணன் மானத்தோடு உட்கார அதைவிட நல்ல இடம் அந்தக் கட்டடத்தில் இல்லை என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வந்த புதிதில் அவர் சுறுசுறுப்பாகத்தான் இருந்தார். பேப்பர்கள் வந்ததும் விளம்பரப் பக்கத்தைப் பிரிப்பார், எண்களைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு போன் பேச வெளியே போவார். திரும்பி வரும் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், வயசைக் கேட்டிருப்பார்கள் என்று. கொஞ்ச நாளில் வெளியே போவது குறைந்தது. பிறகு விளம்பரப் பக்கத்தையே தாண்டிப் போனார். அதற்கப்புறம்தான் தூங்க ஆரம்பித்தார்.

முதல் தடவை அவர் தலை தொங்கியதைப் பார்த்தபோது, பழக்க தோஷத்தில் முத்திரையை எடுத்துக்கொண்டு அவள் மூலைக்குப் போனாள். கை ஓங்கியவள், அவர் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் ராத்திரியெல்லாம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறவரின் முகம் அது. இங்கே அவர் யாருக்கும் பொய் சொல்ல வேண்டியதில்லை, அதனால்தான் தூக்கம் வருகிறது என்று அவளுக்குப் பட்டது. ஓங்கிய கையைக் கீழே போட்டாள். ஜன்னல் கதவைச் சாத்தி வெயிலை மறைத்துவிட்டு, ஓசைப்படாமல் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து அவரைத் தூங்கவிடுவது அவளுக்கு வேலையில் ஒரு வேலையாகிவிட்டது.

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் தினமும் வருவார். அந்த அறையில் அதிகமாகத் தட்டு வாங்கியவர் அவர்தான்.

"அலாரம்மா, எனக்கு மட்டும்தான் டொக் டொக்கா? அந்த மூலைக்கு உங்க அலாரம் அடிக்கறதே இல்லையே."

"அவர் அசந்து படிக்கிறார் சார்."

"நானும் அப்படித்தாம்மா அசந்து படிச்சேன். என்னை எழுப்பிட்டீங்களே!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். போஸ்ட்மாஸ்டர் நல்ல மனுஷர், நூலகரிடம் போய் வத்தி வைக்கவில்லை. மூலையில் தூங்குவது அவள் அண்ணன் என்று தெரிந்ததும் கிண்டலையும் விட்டுவிட்டார்.

மேலதிகாரி சோதனைக்கு வரப்போகிறார் என்று நூலகம் அமளிதுமளிப்பட்டுக்கொண்டிருந்த ஒருநாள் காலையில், அண்ணன் வழக்கம்போல வந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு இடது கையை உதறினார்.

"கை என்னவோ மரத்த மாதிரி இருக்கு. நேத்தும் கண்ணை மூடலை."

அவள் ஏணி மேல் நின்று, இடம் மாறிப்போன புத்தகங்களை எண் பார்த்துச் சரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தூக்கம் இல்லேன்னா அப்படித்தாண்ணே இருக்கும். போய் நிம்மதியா தூங்கு. இன்னிக்கு ஒருத்தரும் அந்தப் பக்கம் வராம நான் பாத்துக்கறேன்."

சொன்னபடியே பார்த்துக்கொண்டாள். அகராதி கேட்டு வந்தவர்களைத் தடுத்து, தானே எடுத்து வந்து கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் மூலையிலிருந்து குறட்டை கேட்டது. சாதாரணக் குறட்டை இல்லை, கனமாக, இழுத்து இழுத்து வந்தது. பேப்பர் படித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவள் உதட்டில் விரல் வைத்து அவர்களை அடக்கினாள். எத்தனை நாளைக்கப்புறம் இப்படித் தூங்குகிறார் என்று அவளுக்கு மனசு குளிர்ந்துபோயிருந்தது. அதை நினைத்துத்தான் பின்னாளில் அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

மதியம் போஸ்ட்மாஸ்டர் வந்து, "ஏம்மா, உங்க அண்ணன் சாப்பாட்டைக்கூடத் தொடலையே" என்றார்.

"தூங்கட்டும் சார். பசிச்சா தானா எழுந்திருப்பார்."

குறட்டை நின்றதை யாரும் கவனிக்கவில்லை. பொழுது சாயப்போகும் வேளையில் போஸ்ட்மாஸ்டருக்கு மனசு கேட்காமல், அவளைக் கேட்காமலே அலமாரிக்குப் பின்னால் போனார். அவர் போட்ட சத்தம் அந்த அறையில் அதுவரை யாரும் கேட்டிராத சத்தம். அண்ணனின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. சட்டைக் காலர் எச்சிலில் நனைந்திருந்தது. அவள் முத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு, அவர் கன்னத்தில் தட்டினாள், தோளைப் பிடித்து உலுக்கினாள். "அண்ணே, எழுந்திருண்ணே, எழுந்திரு" என்று கத்தினாள். நூலகர் தடுப்பிலிருந்து எட்டிப் பார்த்து, யார் கத்துவது என்று அதட்ட வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மருத்துவமனையில் டாக்டர் ஒரு சின்னப் பெண். கேட்ட கேள்வியில் குற்றம் எதுவும் இல்லை, அது கேட்க வேண்டிய கேள்விதான். "எப்போ ஆச்சு?"

"தெரியலைம்மா. காலையிலேருந்து தூங்கிட்டிருந்தார்."

"காலையிலேருந்தா? நடுவுல யாருமே எழுப்பிப் பாக்கலையா? மூளைக்கு ரத்தம் போகலைங்க. சீக்கிரம் கொண்டு வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்."

அத்தனை பேரை எழுப்பியவள் என்ன பதில் சொல்வாள்? இரண்டு நாள் மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அதுவும் ஓய்ந்தது. அண்ணி கட்டிலோரத்தில் நின்று அவர் கால் விரல்களைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். வேலை நேரத்தில் நூலகத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று உறவுக்காரர்கள் குடைந்தபோதும் அண்ணி வாயைத் திறக்கவில்லை.

விடுப்பு முடிந்து நூலகத்துக்குப் போனாள். முத்திரையை எடுத்துக் குத்தினால் புத்தகத்தில் தேதி கோணலாக விழுந்தது. வாசிப்பு அறையில் ஒருவரும் தூங்கவில்லை. இருக்கிற இடம் தெரியாமல் விறைப்பாக உட்கார்ந்து படித்தார்கள், அவளைப் பார்த்ததும் இன்னும் நிமிர்ந்தார்கள். போஸ்ட்மாஸ்டர் கொஞ்ச நாள் வந்தார், பிறகு வரவில்லை. மூலையிலிருந்த நாற்காலியை நூலகர் வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னார். மாற்றினாள். சாப்பாடு இறங்கவில்லை, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால், அண்ணி காறித் துப்பிவிட்டால், அதற்கப்புறம் ஒருவேளை மூச்சு விட முடியும் என்று மட்டும் தோன்றியது. அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு நாளை ஓட்டினாள்.

நூலகத்துக்கு வார விடுமுறை வந்த அன்று மத்தியானம் அண்ணி வீட்டுக்குப் போனாள். அண்ணி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணனின் சட்டைகளும் அதில் இருந்தன. அவள் எதிரில் உட்கார்ந்து, வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததை ஆரம்பித்தாள்.

"அண்ணி, நான் உங்ககிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன். அண்ணனுக்கு வேலை போய் ரொம்ப நாளாச்சு. தினமும் அவர் வந்தது—"

"உன் லைப்ரரிக்குத்தான்" என்றாள் அண்ணி. மடிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும். முதல் வாரமே கடை டிரைவர் வந்து அவர் கடையில விட்ட குடையைக் கொடுத்துட்டுப் போயிட்டார். அப்புறம் ஒருநாள் அவர் பின்னாடியே நடந்து வந்தேன். நீ வாசல்ல நின்னு பையை வாங்கிக்கிட்டு உள்ளே கூட்டிட்டுப் போனே. அப்படியே திரும்பிட்டேன்."

"ஏன் அண்ணி கேக்கலை?"

"என் எதிர்ல தலை குனிஞ்சுடுவாரேன்னுதான். தினமும் சாப்பாடு கட்டிக் கொடுத்து, போயிட்டு வாங்கன்னு சொன்னேன். வெளியில அலைஞ்சிருந்தா பயந்திருப்பேன். உன் கண்ணு முன்னாடிதானே இருக்கார், ஒண்ணுன்னா நீ பாத்துக்குவேன்னு தைரியமா இருந்தேன்."

பாதிதான் சொல்லியிருந்தாள். மிச்சப் பாதி, அன்று அவரை எழுப்பாமல் விட்டது, பாக்கி இருந்தது. அண்ணி கடைசிச் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. ராத்திரியில அவர் தூங்காம புரண்டு புரண்டு படுப்பார். நானும் முழிச்சிருக்கேன்னு தெரியக்கூடாதுன்னு கண்ணை மூடிக்கிட்டே படுத்திருப்பேன். உன்கிட்ட வந்தப்பவாவது கொஞ்சம் தூங்கினாரா?"

அண்ணி கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. நல்ல பதிலுக்காகக் காத்திருந்தாள், அவ்வளவுதான்.

"தூங்கினார் அண்ணி," என்றாள் அவள். "நல்லா தூங்கினார்."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு அண்ணி அழ ஆரம்பித்தாள்.