மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள்

இந்த நகரத்தில் நிமிர்ந்து பார்க்கும்படி நிற்கிற கட்டடங்களில் பாதிக்கு வெளிச்சம் கொடுத்தது அவர் கடைக் கண்ணாடிதான். பெருமைக்குச் சொல்வதல்ல, உள்ளதே அதுதான். பள்ளிக்கூடப் படியை அவர் அதிகம் மிதித்ததில்லை. கட்டடப் படியை மிதித்ததற்கோ அளவே இல்லை. ஆனால் மறக்காத வருஷம் எது என்று யாராவது கேட்டால், கடை திறந்த வருஷத்தைச் சொல்லமாட்டார். மேலே மாடி எழுப்பிய வருஷத்தையும் சொல்லமாட்டார். இருபத்திமூன்று வயதில், ஒரு டேப்பும் கண்ணாடி வெட்டும் கட்டர் ஒன்றும் தவிர வேறு சொத்தில்லாமல், அக்கா புருஷனோடு சேர்ந்து தனியாகத் தொழிலில் இறங்கிய வருஷத்தைத்தான் சொல்வார். சொல்லும்போதே தோள் இரண்டும் கீழே இறங்கிவிடும். அந்தக் களைப்பு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை என்பார். போயிருக்காது.

அதற்கு முன் இருவருக்கும் சோறு போட்டது ஒரே கடை. அந்தக் கடைக்காரருக்கு மூக்குக்கண்ணாடி மூக்கில் நின்றதே கிடையாது. எப்போதும் நெற்றியில் ஏறித்தான் கிடக்கும். அதனால் வேலையாட்கள் அவரை ‘நெற்றிக்கண்’ என்று சொல்வார்கள், அவர் காதில் விழாதபடி. அளவெடுப்பது நெற்றிக்கண். வெட்டுவது அத்தான். சுமந்துபோய் மாட்டுவது, அந்த வயதில் இன்னும் ‘அவர்’ ஆகாத அவன். அத்தான் பொறுமைசாலி, கோடு கிழித்தால் கண்ணாடி தானாக வாய் திறக்கும். அவனோ ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை. நாலு தெரு தள்ளி ஒரு பெண்கள் விடுதி எழும்புகிறது என்று கேள்விப்பட்டதும் நேரே போய் ஓவர்சீயரைப் பார்த்து, பேசிப் பேசியே மூன்று மாடி ஜன்னல் வேலையையும் தனக்கும் அத்தானுக்குமாகப் பிடித்துவிட்டான். நெற்றிக்கண்ணுக்குச் செய்தி போனது. மறுநாள் இருவரும் வெளியே.

அவனும் தங்கியிருந்த அக்கா வீடு என்பது ஒரு கூடமும் ஒரு சமையலறையும்தான். கூடத்துச் சுவர் நெடுகக் கண்ணாடி சாய்ந்து நின்றது. படுக்கை சுருங்கிச் சுருங்கி ஒரு மூலைக்குப் போயிற்று. திரும்பிப் படுக்கவும் பயந்துகொண்டு மூன்று பேரும் தூங்கினார்கள். பகலில் வெட்டுவார்கள், வெட்டியதை இருவருமாகத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். வண்டி பிடிக்கலாம்தான். ஆனால் தெரு முழுக்கக் குழி. ஒரு குலுக்கலில் போட்ட உழைப்பெல்லாம் சில்லுச் சில்லாகிவிடும். ஆகவே நடைதான். உள்ளங்கையில் பழைய சைக்கிள் டியூப் துண்டு, நடுவில் கண்ணாடி, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். வழியைப் பார்ப்பது முன்னால் போகிறவர். பின்னால் வருகிறவருக்குத் தெரிவதெல்லாம் முன்னவர் முதுகு மட்டுமே. அவர் ‘நில்’ என்றால் நிற்க வேண்டும், ‘திரும்பு’ என்றால் திரும்ப வேண்டும். இந்த ‘முன்னால்’ என்பதில்தான் சனியன் வந்து உட்கார்ந்தது.

“அத்தான், இன்னைக்கு நான் முன்னால போறேன். வேலையப் புடிச்சது நான்.”

“வேலை புடிச்சவன் முன்னால, வயசுல மூத்தவன் பின்னாலயா? நல்ல ஞாயம் மாப்ளே.”

“வயசுக்கும் நடைக்கும் என்ன சம்பந்தம்? நீங்க நடக்கிற நடைக்கு, பின்னால வர்றவன் கை கழண்டு விழுது.”

“நீ கன்னுக்குட்டி மாதிரி துள்ளுற. துள்ளுற கன்னு கையில கண்ணாடியக் குடுத்துட்டு நான் பின்னால உயிரைப் புடிச்சுட்டு வரணுமா?”

“பயமா இருந்தா வீட்ல உட்காந்து அக்காவுக்கு வெங்காயம் உரிச்சுக் குடுங்க.”

நடுத்தெருவில், கையில் கண்ணாடியோடு நடந்த பேச்சு இது. வெங்காயம் வரைக்கும் போயிருக்க வேண்டாம். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. தூக்குவார்கள், நடப்பார்கள், வாய் திறக்கமாட்டார்கள். முன்னால் அத்தானே போனார். ‘நில்’ என்பதற்குப் பதில் செருமினார்.

வீட்டில் அக்கா தூது போனாள். மூவரும் இருந்தது ஒரே கூடம்தான்.

“அக்கா, உன் வீட்டுக்காரர்ட்ட சொல்லு, ரெண்டாவது மாடி அளவு வேணும்னு.”

“ஏங்க, அவன் அளவு கேக்குறான்.”

“காது இருக்கு. நாளைக்கு எடுத்துட்டு வர்றேன்னு சொல்லு.”

“டேய், நாளைக்கு எடுத்துட்டு வருவாராம்.”

“எனக்கும் காது இருக்குக்கா.”

“இருக்குல்ல? அப்புறம் எதுக்குடா எனக்கு இந்தப் பொழப்பு? அடுப்புல ஒரு கை, உங்க சண்டையில ஒரு கை. ரெண்டு பேரும் வெளிய போங்க, நான் வீட்டைக் கூட்டணும்.”

கண்ணாடி வேலையில் ஒரு சங்கதி உண்டு. ஜன்னல் சட்டத்தில் கண்ணாடி உட்காருகிற பள்ளம் எவ்வளவு அகலமோ, அதே அகலத்துக்குக் கண்ணாடி வெட்டக் கூடாது. வெயிலில் மரமும் இரும்பும் அசையும். கண்ணாடி நெருக்கிக்கொண்டு நின்றால் வெடிக்கும். ஆகவே பக்கத்துக்கு ஒரு நூல் குறைத்து வெட்ட வேண்டும். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நூல். இந்தக் குறைப்புக்கு ‘மூச்சு விடுவது’ என்று கடையில் பெயர். நெற்றிக்கண்ணிடம் இருந்தவரை அதை அவரே கழித்துச் சொல்லிவிடுவார். மற்றவர்கள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. விடுதியின் முதல் மாடிக்கும் ஓவர்சீயரே கழித்து எழுதிக் கொடுத்திருந்தார்.

மறுநாள் அத்தான் விடுதிக்குப் போய் இரண்டாம் மாடி முழுக்க அளவெடுத்து வந்தார். அளவைச் சுண்ணக்கட்டியால் கூடத்துச் சுவரில் எழுதினார். எழுதும்போதே நினைத்தார்: ‘இவன் அவசரக் குடுக்கை. மூச்சு விட மறந்துடுவான். நாமே கழிச்சு எழுதிடுவோம்.’ எழுதிவிட்டுச் சொல்லாமல் படுத்துவிட்டார். அவருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். வெட்டுவது அவன் பாடாயிற்று. சுவரைப் பார்த்ததும் அவனும் நினைத்தான்: ‘இவருக்கு அளவெடுத்துப் பழக்கமில்ல. மூச்சு விட்டிருக்கமாட்டார். நாமே கழிச்சு வெட்டிடுவோம்.’ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்தது. அந்த ஒரு வார்த்தையைத்தான் இரண்டு பேரும் தங்கம்போலப் பூட்டி வைத்திருந்தார்கள்.

இரண்டாம் மாடி முழுவதற்கும் கண்ணாடி சுமந்து ஏற்றி முடித்த பிறகு, முதல் கண்ணாடியை எடுத்துச் சட்டத்தில் வைத்தான். அது நிற்கவில்லை, சட்டத்து விளிம்பே இரண்டு நூல்தான். பள்ளத்தில் உட்காராமல், சந்தில் நுழைகிற பூனைபோல அந்தப் பக்கம் போய்விட்டது. அத்தான் வெளிச் சாரத்தில் நின்றதால் அவர் கைக்கு வந்தது. அவர் திரும்ப உள்ளே நீட்டினார். இவன் வாங்கினான். மறுபடி வைத்தான். மறுபடி அவர் கைக்குப் போயிற்று.

கீழேயிருந்து ஏறி வந்த ஓவர்சீயர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னப்பா இது, கண்ணாடி உள்ள போகுது, வெளிய வருது. ஜன்னல் வைக்கிறீங்களா, வித்தை காட்டுறீங்களா?”

பல நாளைக்குப் பிறகு இருவரும் நேராகப் பேசினார்கள்.

“நான் மூச்சு விட்டுத்தான் எழுதினேன்.”

“நானும் விட்டுத்தான் வெட்டினேன்.”

“உன்னை யாரு விடச் சொன்னது?”

“உங்களை யாரு விடச் சொன்னது?”

“போதும்யா,” என்றார் ஓவர்சீயர். “நீங்க ரெண்டு பேரும் விட்ட மூச்சுல என் கட்டடமே பறந்துடும். மழைக்கு முன்னால ஜன்னல் நிக்கணும். இல்லேன்னா வேற ஆளு.”

மூச்சு விட வேண்டியது வெட்டுகிறவன்தான், அளவெடுக்கிறவன் அல்ல. உலகம் பூராவும் அதுதான் முறை என்று இன்றைக்கும் அவர் கடை மேஜையைத் தட்டிச் சொல்வார். தட்டிவிட்டுக் கையைப் பிசைந்துகொள்வார். அதை எதிர்த்துச் சொல்ல அத்தானும் இப்போது இல்லை.

சின்னதாய்ப் போன கண்ணாடியெல்லாம் குளியலறை ஜன்னலுக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று ஆயிற்று. மற்றதற்குப் புதுக் கண்ணாடி. புதுக் கண்ணாடி என்றால் மறுபடி வெட்டு, மறுபடி சுமை, மறுபடி அதே மாடிப்படி. அன்று சாயங்காலம் அத்தான் வெளியே போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றாமலே சொன்னார்:

“பழைய கடைக்குப் போயிருந்தேன். வெட்டத் தெரிஞ்சவன் வரலாம்னு சொல்லிட்டாரு. அந்தத் துள்ளுக்காளை மட்டும் வாசலை மிதிக்கக் கூடாதாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?” என்றாள் அக்கா.

“நாளைக்கு வர்றேன்னு சொன்னேன்.” செருப்பைக் கழற்றிக்கொண்டே, “எனக்கு முடியல,” என்றார். அதில் கோபம்கூட இல்லை.

கண்ணாடி வேலையை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. எவ்வளவு பெரிய வீரனானாலும் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் விடுதி வேலை போயிற்று. வேலை போனால் நெற்றிக்கண் சிரிப்பார். ஊரில் எந்தக் கடையும் அவனைச் சேர்க்காது. சுமை தூக்குகிறவர்களிடம் போய்க் கேட்டான். “சிமென்ட் மூட்டை விழுந்தா மூட்டையோட போச்சு. உன் சரக்கு விழுந்தா காலோட போயிடும் தம்பி,” என்று கையை விரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, தூக்க முடியாத கண்ணாடிகளுக்கு நடுவில் உட்கார்ந்தான். அக்கா பாத்திரம் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“அந்த டியூப் துண்டை இங்க குடு.”

“எதுக்கு?”

“ஊறுகாய் போட. எந்திரிடா. எந்தப் பக்கம் பிடிக்கணும்?”

“உன்னால முடியாதுக்கா.”

“தண்ணிக் குடம் சுமந்து நாலு மாடி ஏறினவ நான். அப்ப உன்னையும் இடுப்புல வச்சிருந்தேன். நீ இதைவிடக் கனம்.”

முன்னால் அக்கா போனாள். வேறு வழியில்லை, படியேறும்போது கனமெல்லாம் பின்னால் வருகிறவன் மேல்தான் இறங்கும், அதை அவளிடம் கொடுக்க முடியாது. முன்னால் போவதற்காகச் சண்டை போட்டவன், அந்த மழைக்காலம் வருகிறவரை அக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தான். அவள் நடை அத்தான் நடையைவிட மெதுவு. காலையில் சமைத்துவிட்டு வருவாள். திரும்பிப் போய்ச் சமைப்பாள். சாப்பிடும்போது கவளத்துக்குக் கவளம் இருவருக்கும் கண் செருகும். அத்தான் எதிரே உட்கார்ந்து தட்டையே பார்ப்பார். யாருக்கும் சண்டை போடவும் தெம்பில்லை. இரண்டாம் மாடி முடிந்தது. மூன்றாம் மாடி அப்படியே நின்றது. வானம் கறுத்துக் கறுத்துப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. இனி ஒரு மாடி ஏறினால் அக்கா விழுந்துவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஒருநாள் மதியம் குறுகலான சந்து ஒன்றில் எதிரே ஒரு கண்ணாடி வந்தது. முன்னால் நெற்றிக்கண் கடையின் புது ஆள், பின்னால் அத்தான். இரண்டு கண்ணாடியும் ஒரே நேரத்தில் தாண்டச் சந்தில் இடமில்லை. கீழே வைக்கவும் இடமில்லை. நால்வரும் நின்றார்கள்.

“ஏங்க, சாப்பிட்டீங்களா?” என்றாள் அக்கா.

“ம். நீ?”

“போய்த்தான்.”

“விரல்ல என்ன துணி?”

“கீறல்தான், விடுங்க.”

அத்தான் கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“புருஷன் பொண்டாட்டி வீட்ல போய்ப் பேசக் கூடாதா?” என்றான் புது ஆள். “எனக்குத் தோள்பட்டை போகுதுய்யா.”

“நாம பின்னால போவோம்,” என்று அத்தான் புது ஆளிடம் சொன்னார். அவர்கள் பின்னோக்கியே நடந்து சந்து முனை வரைக்கும் போய் வழி விட்டார்கள். தாண்டும்போது அத்தான், “வலது பக்கம் பள்ளம் இருக்கு, பாத்து,” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

மறுநாள் காலை, மூன்றாம் மாடிக்கான முதல் கண்ணாடியைத் தூக்கி அக்காவும் தம்பியும் விடுதிப் படியடிக்கு வந்தபோது, அத்தான் அங்கே உட்கார்ந்திருந்தார். கையில் அவருடைய டியூப் துண்டு. அவன் கூப்பிடவில்லை. யாரிடமும் போய் நின்று கெஞ்சிய வழக்கம் அவனுக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அவராகத்தான் வந்தார்.

“நீ விடு,” என்று அக்காவிடம் வந்து கையை நீட்டினார்.

“நான் விடமாட்டேன். எனக்குப் பழகிடுச்சு. நீங்க பின்னால போங்க, அவன் பக்கம்.”

அத்தான் பின்னால் வந்தார். இவன் கையிலிருந்த கனம் மெதுவாக அவர் கைக்கு மாறிற்று.

“அப்ப நான்?”

“நீ மேல போய்க் குளியலறை அளவை எடு,” என்றாள் அக்கா. “நீயே எடு, நீயே வெட்டு. சுவத்துல எழுதி எங்களைச் சாகடிக்காத.”

“அவன் எடுக்கட்டும்,” என்றார் அத்தான். “நான் ஒண்ணும் சொல்லல.”

டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலே போனான். பல மாதத்தில் முதல்தடவையாக வெறுங்கையோடு படியேறினான். கை எங்கே தொங்குவது என்று தெரியாமல் ஆடிற்று. குளியலறையில் பூச்சு வேலை முடிந்து ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. டேப்பை ஜன்னல் ஓரத்தில் மாட்டினான். கீழேயிருந்து அக்காவின் குரல் வந்தது: “படி... படி... திருப்பம், மெதுவா.” பதிலுக்கு அத்தானின் செருமல். எண்ணைப் படித்தான். படித்தது மனதில் நிற்கவில்லை. ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் நிற்கும் என்று சுவரில் சாய்ந்தான்.

பிறகு நடந்தது அக்கா சொல்லித்தான் அவருக்குத் தெரியும். இருவரும் கண்ணாடியோடு மேலே வந்தபோது அவன் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். டேப் சுருண்டு மடியில் கிடந்தது.

“அளவெடுத்தானா இல்லையா?” என்றார் அத்தான்.

“எடுக்கலபோல. எழுப்பாதீங்க,” என்றாள் அக்கா. “இதை அந்தச் சுவத்துல சாத்துங்க. நாமளும் செத்த நேரம் உட்காருவோம்.”