எஸ்தரின் தொண்டைக்காகத் தஞ்சாவூர் போய்வந்தது

கோயில், கோட்டை, கடற்கரை என்று இந்த வலைப்பூவில் நாற்பது பயணங்களுக்கு மேல் எழுதியாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன கதையையும் எழுதுவேன் என்று நினைக்கவில்லை. போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, பொறையாரிலிருந்து நானும் என் மனைவி எஸ்தரும் தஞ்சாவூருக்குப் போனோம். அவள் தொண்டையிலிருந்து பத்து நாள் முன்னால் ஒரு துணுக்குச் சதையை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அது புற்றா இல்லையா என்று கேட்டு வரத்தான் இந்தப் பயணம். இதே காரணத்துக்காக அந்த ஊருக்கு ரயிலேறுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதை வெளிநோயாளர் வரிசையில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் முன்கதை. எஸ்தர் எங்கள் ஊரில் ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஊரில் பாதி வீட்டில் யாராவது ஒருவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள், அந்தப் பணத்தில் பிள்ளைகள் எல்லாம் இங்கிலீஷ் மீடியம். எங்கள் பையனும் ஷார்ஜாவில்தான் இருக்கிறான். வகுப்பில் ஐம்பத்து நான்கு பிள்ளைகள், மேலே தகரக் கூரை. மழை பெய்தால் அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் வாய்ப்பாடு சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லுத்தரன் சபையில் பாடகர் குழு வேறு. சித்திரையில் குரல் கம்மியது. ஐஸ் தண்ணி குடித்ததுதான் காரணம் என்றேன். மிளகுப் பால், சித்தரத்தை, இருமல் மருந்து என்று ஐந்து மாதம் ஓட்டினோம். கடைசியில் தஞ்சாவூரில் கேமரா விட்டுப் பார்த்த டாக்டரம்மா, இடப்பக்கக் குரல் நாணில் வெள்ளையாக ஒரு படலம் இருக்கிறது, எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்றார். எடுத்த அன்றே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "நான் திரும்பப் பாக்குற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. குசுகுசுன்னும் பேசக்கூடாது."

நான் தாலுகா ஆபீசில் சர்வேயர். சங்கிலி பிடித்து அளந்தே காலம் போனதால் எதையும் தோராயமாகச் செய்ய வராது. அந்தப் பத்து நாளும் வீட்டில் நான் போட்ட சட்டம் கொஞ்சநஞ்சமல்ல. வாசல் கதவில் 'உள்ளே பேச முடியாதவர் இருக்கிறார்' என்று அட்டை தொங்கவிட்டேன். எஸ்தர் கழுத்தில் கயிறு கட்டி ஒரு குட்டி நோட்டும் பென்சிலும் மாட்டினேன். மீன்காரம்மா "என்ன டீச்சர், பேசமாட்டீங்களா?" என்று கேட்டதற்கு அவளோடு சண்டைக்கே போய்விட்டேன். பன்னிரண்டாவது படிக்கும் மகள் கிரேஸ் என்னை 'ஹெட்மாஸ்டர்' என்று கூப்பிட ஆரம்பித்தாள். இவ்வளவு கெடுபிடியும் பயத்தினால்தான். புற்று என்ற சொல்லை நாங்கள் மூன்று பேருமே வீட்டுக்குள் சொல்லவில்லை.

காலை 5.40க்குப் பொறையாரில் டவுன் பஸ். மயிலாடுதுறைக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அங்கிருந்து தஞ்சாவூருக்குப் பஸ்ஸிலும் போகலாம். ஆனால் கும்பகோணம் ஊருக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் பொழுது போய்விடும், ஹாரன் சத்தத்தில் வாயில்லாத ஆள் படும் பாடு தனி. ரயில்தான் மேல். எழுபது கிலோமீட்டர், எங்கள் பாசஞ்சர் ஒன்றே முக்கால் மணி எடுத்துக்கொண்டது, டிக்கெட் தலைக்கு இருபது ரூபாய். வலப்பக்க ஜன்னலோரம் எஸ்தரை உட்காரவைத்தேன்.

ராத்திரி பெய்த மழையில் குத்தாலம் தாண்டி இரண்டு பக்கமும் வயல் தளும்பிக்கொண்டு நின்றது. சம்பா நடவு. வரிசையாகக் குனிந்து நட்டவர்கள் எல்லாம் ஆண்கள், வங்காளத்துப் பக்கத்து ஆட்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் அரபு நாட்டுக்குப் போனதால் காலியான இடத்துக்கு இவர்கள் வந்திருக்கிறார்கள். இதை எஸ்தரிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். திருவிடைமருதூர் வரும்வரை நானேதான் பேசிக்கொண்டு வந்தேன். ரிசல்ட் நன்றாகத்தான் வரும், சிகரெட் பிடிக்கிறவர்களுக்குத்தான் அதெல்லாம், உனக்கென்ன என்று ஒரே விஷயத்தை நாலு விதமாகச் சொன்னேன். அவள் நோட்டை எடுத்து எழுதிக் காட்டினாள்: 'கிரேஸுக்குச் சாப்பாட்டு டப்பா வச்சீங்களா?' வைக்கவில்லை. மறந்தே போயிருந்தேன்.

பாபநாசம் தாண்டியதும் ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிற்பது நல்லதாகத் தோன்றியது, இன்னும் கொஞ்சம் நின்றால் தேவலை என்றும் தோன்றியது. முப்பது வருஷமாக ரயில் தாமதத்தைத் திட்டியவன் நான்.

8.55க்குத் தஞ்சாவூர். மருத்துவக் கல்லூரிச் சாலைக்கு நான்கு கிலோமீட்டர், ஆட்டோ நூறு ரூபாய். ஆட்டோக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும், நல்ல மனிதர், வாய்தான் நிற்காது. எஸ்தர் கழுத்து நோட்டைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "தொண்டைங்களா சார்?" என்றார்.

"ஆமாங்க."

"ஒண்ணும் பயப்படாதீங்க. நம்ம மச்சானுக்கும் தொண்டைதான். இதே டாக்டரம்மாதான் பாத்தாங்க. தங்கமான கை. ஆபரேசன்லாம் நல்லபடியா முடிஞ்சு, ஆறு மாசம் நல்லாத்தான் இருந்தாரு, அதுக்கப்பறம்..." சட்டென்று நிறுத்திக்கொண்டார். "இறங்குற எடம் வந்துடுச்சு சார்."

வரவில்லை. இன்னும் ஒரு கிலோமீட்டர் இருந்தது. எஸ்தர் என் முழங்கையைப் பிடித்திருந்தாள், விரல் சில்லென்று இருந்தது.

டோக்கன் பதினேழு. 11.20க்குத்தான் கூப்பிட்டார்கள். ரிசல்ட் கவர் டாக்டரம்மா மேஜையில் இருந்தது, ஒட்டியபடி. அவர் அதைத் தொடவில்லை. முதலில் கேமராவில் பார்த்துவிடுவோம் என்று எஸ்தரை நாற்காலியில் சாய்த்து, மூக்கு வழியாகக் குழாயை விட்டார். பக்கத்தில் டிவி. ஈரமாக, சிவப்பாக ஏதோ தெரிந்தது. எனக்கு அதில் ஒன்றும் புரியாது. டாக்டரம்மா முகத்தைத்தான் பார்த்தேன். அது சுருங்கியது.

"பத்து நாளும் பேசாமத்தான் இருந்தீங்களாம்மா?"

எஸ்தர் வேகமாகத் தலையாட்டினாள். நான் குறுக்கே புகுந்து, "ஒரு வார்த்தை பேசல டாக்டர். நான் விட்டாத்தானே? கூடவேதான் இருந்தேன்" என்றேன்.

"அப்ப இந்த வீக்கம் ஏன் வத்தல? வெட்டுன எடம் இந்நேரம் ஆறியிருக்கணும். தெனமும் உரசிக்கிட்டே இருந்த மாதிரி இருக்கே."

எஸ்தர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நோட்டை எடுத்து மெதுவாக எழுதி, என்னிடம் காட்டாமல் டாக்டரம்மாவிடம் நீட்டினாள். அவர் வாய்விட்டுப் படித்தார்: "'ஜெபம் பண்ணேன். அது பேச்சா?'"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வீட்டில் தினமும் மாலை ஏழரைக்குக் குடும்ப ஜெபம். நான்தான் நடத்துவேன். முடிவில் எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்லுவோம். பத்து நாளும் எஸ்தர் என் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சுக்காற்றாக அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். என் காதில் விழுந்தது. விழுந்தும் எனக்கு உறைக்கவில்லை. உப்பு எங்கே என்று கேட்க வாயசைத்தால் பாய்ந்து தடுத்தவன், ஜெபத்தில் அவள் உதடு அசைவதைப் பார்த்து மனம் நிறைந்து போனேன். விடியற்காலையில் எழுந்து அவள் தனியாக ஜெபிப்பது வேறு. அதுவும் இதே மூச்சுக்குரலில்தான், மனதுக்குள் சொன்னால் சொன்ன மாதிரியே இருக்காது என்பாள். எங்கள் கணக்கில் பேச்சு என்றால் மனிதரோடு பேசுவது. ஆண்டவரிடம் சொல்வது அந்தக் கணக்கில் வராது.

டாக்டரம்மா திட்டவில்லை. "உங்களை மட்டும் சொல்லி என்ன? சுலோகம் சொல்றவங்க, ஓதுறவங்க எல்லாரும் இப்படித்தான் வந்து நிக்கிறாங்க. தப்பு எம்மேல. இனிமே அதையும் சேத்துச் சொல்லணும்" என்றார். குசுகுசுவென்று பேசும்போது சிலருக்குச் சாதாரணப் பேச்சைவிடவே குரல் நாண் இறுகும் என்று விளக்கினார். "வீக்கம் வத்திரும். ஆனா ஆறுற எடத்துல தழும்பு விழுந்துட்டா குரல் கரகரன்னே நின்னுடும். எவ்வளவு திரும்பும்னு இப்ப என்னால சொல்ல முடியாது. இன்னும் பத்து நாள் மௌனம்."

அதற்குப் பிறகுதான் கவரைப் பிரித்தார். இரண்டு பக்கம். இரண்டாவது பக்கத்தை அவர் மெதுவாகத்தான் புரட்டினார்.

"கேன்சர் இல்ல."

நான் "ஸ்தோத்திரம்" என்று கத்தியே விட்டேன். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். முழுசாகக் கேளுங்கள் என்றார். செல்கள் லேசாக மாற ஆரம்பித்திருக்கின்றன. பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும், சிலருக்குத் திரும்ப வரும், வந்தால் மோசமாகவும் மாறலாம். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கேமரா விட்டுப் பார்க்க வேண்டும், வருஷக்கணக்கில். அதாவது பயம் முடியவில்லை, மூன்று மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. நல்ல சேதியா கெட்ட சேதியா என்று கிரேஸ் போனில் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்று மாலை குடும்ப ஜெபத்துக்கு மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் வாய் திறக்கவில்லை. நான் சொன்னால் அவள் உதடு தானாக அசையும், பழக்கம் அப்படி. கிரேஸும் புரிந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். கால் மணி நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு ஒரு வசனம்கூட வரவில்லை, எஸ்தரைப் பறிகொடுத்துவிடாதே என்ற ஒன்றைத் தவிர.

இனி, போகிறவர்களுக்கு. குரல் கம்மி மூன்று வாரம் தாண்டினால் மிளகுப் பாலை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள், எங்களைப்போல் ஐந்து மாதம் இழுக்காதீர்கள். கேமராப் பரிசோதனை ஐந்து நிமிடம்தான். வலியில்லை, குமட்டல் உண்டு என்று எஸ்தர் எழுதிக் காட்டினாள். அன்று காலை இட்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ரிசல்ட் வாங்கப் போகும்போது ஒரு ஆள் கூட வேண்டும், காதில் பாதி விழாது. மௌனம் என்றால் என்னென்ன கூடாது என்று டாக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: ஜெபம், பாட்டு, தொண்டையைச் செருமுவது, எல்லாம். காலை ஏழு பத்து வாக்கில் மயிலாடுதுறையில் ரயிலைப் பிடித்தால் மாலை ஆறுக்குள் வீடு திரும்பலாம். நேரங்கள் மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் கழித்து அதே ரயிலில் திரும்பப் போனோம். வீக்கம் வற்றியிருந்தது. "ஆ... சொல்லுங்கம்மா" என்றார் டாக்டரம்மா. சத்தம் வந்தது. கரகரத்து, பாதியில் உடைந்தது. எஸ்தரின் குரல் அது இல்லை. பயிற்சி கொடுத்தால் வகுப்பு எடுக்கும் அளவுக்கு வரலாம், அதுவும் மைக் வைத்துக்கொண்டு. பாடகர் குழுவை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். இப்போதைக்கு மணிக்கு ஐந்து நிமிடம் பேசலாம், அதற்கு மேல் கூடாது.

வெளியே மருந்துக்கடை ஓரம் வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தோம். இருபது நாளில் அவள் நான்கு நோட்டுகளை எழுதித் தீர்த்திருந்தாள். அத்தனையும் எனக்குத் தெரியும்: மோட்டார் போடுங்க, பால் பொங்குது, கிரேஸுக்கு ஃபீஸ், மீன் வேண்டாம். பயப்படாதே என்று நான்தான் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு, அந்தப் புதுக் குரலில் அவள் சொன்னாள்:

"எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க."

ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன். "சொல்லு" என்றேன். அவளுக்குக் கிடைத்திருந்த ஐந்து நிமிடத்தையும் அவள் அதைச் சொல்லவே எடுத்துக்கொண்டாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.