நாலு எட்டு தூரம்

பெல்ஜியத்திலிருந்து வருடா வருடம் நர்சிங் மாணவிகள், ஸ்பானிஷ் பேசும் எங்கள் மலையூர் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வருவார்கள். முதல் வாரம் மூச்சு வாங்கும். அடுத்த வாரம் கம்பளி வாங்கச் சந்தைக்குப் போய்விடுவார்கள். லீஸ்பெத் அந்த ரகமில்லை. இரண்டு வருடம் முன்பு அம்மா செத்துப்போன வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வந்தவள். எந்நேரமும் வார்டிலேயே கிடந்தாள். அவள் ஸ்பானிஷ் அரைவேக்காடு என்றாலும் சொன்ன சொல்லைத் தட்டமாட்டாள். வினை அங்கேதான் வந்தது.

குழந்தைகள் வார்டில் லுஸ்மிலா என்று ஒரு ஐந்து வயதுப் பெண். ஓடையில் விழுந்து பயந்த நாளிலிருந்து சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை, கண் மூடித் தூங்குவதும் இல்லை. ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் பார்த்தும் டாக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒன்பதாம் நாள் நாடி நூலாகிவிட்டது.

"உசிரு ஓடையிலயே நின்னுபோச்சு," என்றாள் வார்டு உதவியாளர் எவரிஸ்தா. "இன்னிக்கு வெள்ளிக்கிழம. ஆத்தாக்காரி செனோபியா புள்ளையோட தொப்பிய எடுத்துக்கிட்டுப் போயிருக்கா. பேரச் சொல்லிக் கூப்பிட்டு உசிர அதுல ஏத்திக்கிட்டு வந்து புள்ள தலையில மாட்டுவா. வரும்போது யாரும் அவகிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. வாயப் பொத்திக்கிட்டு இரு, வெள்ளக்காரி."

"சரிக்கா, பேசல."

மத்தியானம் ஜன்னல் காற்று சில்லென்று அடித்தது. லீஸ்பெத் நல்லது நினைத்து லுஸ்மிலாவை உள்பக்கக் கட்டிலுக்கு மாற்றினாள். தெருவை வேடிக்கை பார்க்க அடம்பிடித்த, கால் ஒடிந்த ரோசியோவை ஜன்னலோரத்தில் படுக்க வைத்தாள்.

பொழுது சாயும்போது கரண்ட் இல்லை. செனோபியா தொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி வந்து, நேரே ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனாள். லீஸ்பெத் அதைப் பார்த்துவிட்டாள். சொல்லலாம், ஆனால் பேசக் கூடாதே. கை நீட்டவும் துணிவில்லாமல் நின்றாள். போர்வைக்குள் தூங்கிய ரோசியோவின் தலையில் தொப்பி ஏறியது.

ரோசியோ கண் விழித்தாள். "கராமெலோவுக்குச் சோறு வெச்சாச்சா?" என்றாள்.

கராமெலோ லுஸ்மிலா வீட்டு நாய். ரோசியோ அந்த நாயைப் பார்த்ததே இல்லை. செனோபியா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்பக்கம் லுஸ்மிலாவின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

எவரிஸ்தா ஓடி வந்தாள். "பாத்துக்கிட்டா நின்னே?"

"நீங்கதானே பேசக் கூடாதுன்னீங்க."

"சொல்லு கேக்கறதுக்கும் ஒரு அளவு இருக்குடி. பாத்தவதான் உசிரத் திருப்பிக் கொண்டு போகணும். ரோசியோ கண்ணயரட்டும், தொப்பிய எடு. புள்ள பேரச் சொல்லிக்கிட்டே நட. பின்னால யாரு கூப்பிட்டாலும் திரும்பாத. திரும்பினா அவ்ளோதான்."

லீஸ்பெத் தொப்பியை எடுத்தபோது அது ஓடைத் தண்ணீர் போலச் சில்லிட்டிருந்தது. இரண்டு கட்டிலுக்கும் நடுவே நாலே எட்டு. "வா லுஸ்மிலா, வா" என்று முனகிக்கொண்டே நடந்தாள்.

இரண்டாவது எட்டில் பின்னாலிருந்து குரல் வந்தது. "பெத்கே."

அம்மா ஒருத்திதான் அவளை அப்படிக் கூப்பிடுவாள். அதே கரகரப்பு. "பெத்கே, மெதுவாம்மா." அவள் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு வருடமாக இந்தக் குரலுக்காகத்தானே ஏங்கினாள். ஒரே ஒரு தடவை திரும்பினால் என்ன? கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. திரும்பாமல் மூன்றாவது எட்டு வைத்தாள். நாலாவதும் வைத்தாள்.

தொப்பியை மாட்டியதும் லுஸ்மிலா ஒரு பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடினாள். விடிந்ததும் பசிக்கிறது என்றாள். ரோசியோவிடம் நாயைப் பற்றிக் கேட்டால், "எந்த நாய்?" என்றாள். செனோபியா லீஸ்பெத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

லீஸ்பெத்தான் சூப் ஊட்டினாள். நாலு கரண்டி குடித்த குழந்தை அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தது.

"அந்த அம்மாவுக்கும் குடுங்க."

"எந்த அம்மா?"

"இருட்டா இருந்துச்சில்ல, அவங்கதான் என் கையப் புடிச்சுக் கூட்டியாந்தாங்க. உங்கள மாதிரியே மூக்கு."

லீஸ்பெத் இப்போது திரும்பினாள். ஜன்னலோரக் கட்டிலில் ரோசியோ மட்டும் தூங்கிக்கொண்டிருந்தாள். லீஸ்பெத் எழுந்து, இன்னொரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி, ஆறுவதற்குள் அந்த ஜன்னல் கட்டையில் வைத்தாள்.