நாணலுக்குள் நின்ற ஆள்காட்டி

சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அமீரகத்தின் ராஸ் அல் கைமாவைத் தாண்டி, மலைகளுக்கு நடுவே நாணல் மண்டிக் கிடக்கும் ஒரு சிறிய அணையின் கரை. பொழுது அப்போதுதான் புலர்ந்திருந்தது. அந்த இடத்தில் ஒரே மூச்சில் நான் முழங்கிய ஒரு வாக்கியம், கடலுக்கு அப்பால் சிவகங்கைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்துகொண்டிருந்த மாப்பிள்ளை பார்க்கும் படலத்தைப் பாதியில் நிறுத்திவிட்டது. எத்தனையோ மேடைகள் ஏறியிருக்கிறேன். என் சொல்லுக்கு அவ்வளவு உடனடியான விளைவு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

நான் ஷார்ஜாவில் வளர்ந்தவள். இங்குள்ள தமிழ்ச் சங்கப் பட்டிமன்றங்களில் பள்ளிப் பருவத்திலிருந்தே பேசி வருகிறேன். ஒலிபெருக்கி செத்துப்போனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி அடிவயிற்றிலிருந்து குரல் எழுப்பப் பழகியவள். அடுத்த வாரம் நடக்கவிருந்த பட்டிமன்றத்தின் தலைப்பு, அயல்மண்ணில் தமிழ் வளர்கிறதா, தேய்கிறதா என்பது. 'வளர்கிறது' அணிக்கு நானே தலைமை. மேடையில் அப்படி முழங்கிவிட்டு வீட்டில் ஆங்கிலம் கலந்து பேசுவது அறமாகாது என்பதால், அந்த வாரம் முழுவதும் தனித்தமிழ் தவிர வேறு எதுவும் என் வாயிலிருந்து வராது என்று வீட்டில் அறிவித்திருந்தேன். அம்மா என்னிடம் பேசுவதை வெகுவாகக் குறைத்துக்கொண்டார்.

என் அண்ணனுக்குத் துபாயின் தேராவில் ஒரு வணிக அலுவலகத்தில் வேலை. வார இறுதியில் பறவைகள். கோடை வடியத் தொடங்கும்போது வடக்கிலிருந்து பறவைகள் இந்த மலைகளின் வழியாகத் தெற்கே இறங்கும். தண்ணீர் கண்ட இடத்தில் ஓரிரு நாள் இளைப்பாறும். அவற்றுள் ஐரோப்பியப் பனங்காடை என்னும் நீலச் சிறகுப் பறவையை நெருக்கத்தில் படம் பிடித்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஏக்கம். அண்ணியைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு உருகிப் பேசி நான் கேட்டதில்லை.

பறவைகளின் தமிழ்ப் பெயர்களை நேரில் கண்டு உரைக்கு எடுத்துக்காட்டாக்கலாம் என்று நானும் உடன் வருவதாகச் சொன்னேன். அண்ணன் தயங்கினார்.

"கேமரா சவுண்டையே சைலண்ட்ல போட்டுட்டுப் போறேன். உன்னை எதுலடி போடறது?"

"தேவைப்பட்டாலன்றி வாய் திறவேன்" என்று உறுதியளித்தேன்.

"இதையே இவ்ளோ சத்தமா சொல்றியே" என்றார்.

அணைக்கு வந்ததும் அண்ணன் இலைகள் அச்சிட்ட பச்சை வலை ஒன்றைத் தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டு, கரையின் ஒரு முனையில் பாறையோடு பாறையாகப் படுத்துவிட்டார். நான் மறுமுனையில் மேட்டின்மேல் தொலைநோக்கியுடன் நின்றேன். எதையேனும் கண்டால் கையசைத்துக் காட்டவேண்டும் என்பது ஏற்பாடு.

அப்போதுதான் அதைக் கண்டேன். நாணல் புதருக்குப் பின்னால் ஈரமண்ணில், கறுப்புத் தலை, சிவந்த மூக்கு, நெடிய மஞ்சள் கால்களுடன் ஒரு பறவை. முந்தைய நாள் படித்த பெயர் பளிச்சென்று நினைவுக்கு வந்தது. ஆள்காட்டி. மனிதர் வருவதைக் கண்டதும் கத்தி ஊரையே எழுப்பிவிடும் என்பதால் அப்படி ஒரு காரணப்பெயர். என்ன அருமையான சொல். கையசைத்தேன். அண்ணன் திரும்பவில்லை. மீண்டும் அசைத்தேன். பறவை நகரத் தொடங்கியது. தேவை வந்துவிட்டது என்று முடிவு செய்தேன்.

"அதோ ஆள்காட்டி! நாணலுக்குப் பின்னால், தனியாக! நழுவ விடாதீர்கள், பிடியுங்கள்!"

படம் பிடியுங்கள் என்பதுதான் பொருள். மூன்று பக்கமும் மலை. 'பிடியுங்கள், பிடியுங்கள்' என்று பாறைகளும் என் கட்சியில் சேர்ந்துகொண்டன. கரையில் இருந்த பறவைகள் அத்தனையும் ஒருசேர எழுந்து பறந்தன. அண்ணனின் பாறைக்கு மிக அருகிலிருந்து நீலமாக ஒன்று கிளம்பிப் போனதையும் பார்த்தேன்.

இங்கே ஓர் இலக்கணக் குறிப்பு அவசியமாகிறது. 'நிற்கிறது' என்று ஒரே ஒரு வினைமுற்றை நான் சேர்த்திருந்தால், அந்த அஃறிணை முடிவு பின்னால் வந்த அத்தனை துயரத்தையும் தடுத்திருக்கும். ஆனால் உணர்ச்சி மிகுந்த இடத்தில் வினைமுற்றை விழுங்கிவிட வேண்டும் என்பது மேடைப் பயிற்சியின் பாலபாடம். விழுங்கினேன்.

நாணலுக்குள்ளிருந்து ஒரு மனிதர் எழுந்தார்.

முப்பது வயதைத் தாண்டியவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, படிய வாரிய தலை. இடுப்புக்குக் கீழே முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய கைலி, சேறு பூசிய கால்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "பாய், பத்தாக்கா ஹை பாய், விசா ஹை" என்று மலையைப் பார்த்துச் சொன்னார். பத்தாக்கா என்பது இங்கே எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கும் அடையாள அட்டை. அவருடையது சட்டைப்பையில் இல்லை போலும். ஒரு கையை மட்டும் இறக்கிக் கைலி மடிப்பைத் தடவிப் பார்த்தார்.

நான் ஓடிப்போய், அஞ்ச வேண்டாம், நான் தமிழ்ப்பெண் என்றேன்.

"அடப்பாவி தங்கச்சி" என்றார் அவர். பயம் தெளிந்து அழுகை வரும் குரல். "கெடுத்துட்டியே."

நாணல் தண்டுகளைச் சேர்த்துக் கட்டி அதில் கைப்பேசியைச் சாய்த்து வைத்திருந்தார். அதிலிருந்து ஒரு கட்டைக்குரல் வந்துகொண்டிருந்தது. "அலோ, மாப்ள. எங்கிட்டு எந்திரிச்சுப் போனீக? யாரு அந்தப் பொம்பள? யாரப் புடிக்கச் சொல்லுது?"

மூச்சுக்கு மூச்சு நிறுத்தி அவர் சொன்னதிலிருந்து எனக்கு விளங்கியது இதுதான். பக்கத்தில் மலையை உடைத்துச் சாலை போடும் சைட்டில் அவருக்கு வேலை. கேம்ப்பில் சிக்னல் மாஃபி, அதாவது இல்லை. அணைக்கரைக்கு வந்தால்தான் கிடைக்கும். அன்று காலை ஊரில் நல்ல நேரம். பெண் வீட்டில் எல்லோரும் கூடியிருக்க, வீடியோ காலில் மாப்பிள்ளையைப் பார்க்கிறார்கள். அவருடைய அம்மாவும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் பச்சையாக ஏதாவது தெரியட்டும் என்று இவர் நாணலுக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

"இதுக்கு முன்னாடி பார்த்த எடமெல்லாம் தட்டிப் போச்சு தங்கச்சி. அடுத்த மாசம் லீவு சாங்ஷன் ஆயிருக்கு. அத விட்டா இன்னும் ரெண்டு வருசம். இந்தப் புள்ளையத்தான் எனக்கு..." என்று நிறுத்தி, கைப்பேசியைப் பார்த்தார்.

கட்டைக்குரல் பெண்ணின் தாய்மாமனுடையது. அவர் சவுதியின் தம்மாமில் பல வருடம் வேலை பார்த்தவராம். "இந்தக் கதையெல்லாம் எனக்குத் தெரியும்ப்பா. விசா இல்லாதவன் ஒளிஞ்சு கெடப்பான், ஆள் காட்டிக் குடுக்க ஒருத்தி வருவா, சுத்தி வளச்சுப் புடிப்பாய்ங்க. ஏத்தா, அந்தத் தட்ட எடுத்து உள்ள வையி" என்று அங்கே யாரிடமோ சொல்வது தெளிவாகக் கேட்டது.

என்னால் விளைந்ததை என்னாலேயே தீர்க்க முடியும் என்று நம்பினேன். கைப்பேசியைக் கையில் எடுத்தேன். திரையில் ஒரு கூடம் நிறைய மனிதர்கள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவையைக் கண்டால் எனக்குத் தானாகவே முதுகு நிமிர்ந்துவிடும்.

"அவையோர்க்கு வணக்கம்" என்று தொடங்கினேன்.

"எது?" என்றார் தாய்மாமன்.

"நான் சுட்டியது ஆளை அன்று, ஆள்காட்டியை. இந்த அன்பர் இங்கே ஒளிந்திருப்பது எனக்கு அறவே தெரியாது."

"கேட்டுக்கங்க. ஒளிஞ்சிருக்காருன்னு அந்தப் புள்ளையே சொல்லுது."

"ஒளியவில்லை ஐயா. மறைவாக அமர்ந்திருந்தார்."

"ரெண்டுக்கும் என்னத்தா வித்தியாசம்? நீ யாரு, விடியக்காலையில புதருக்குள்ள ஒனக்கு என்ன சோலி?"

பறவை பார்க்க வந்தேன் என்றேன். அரபு நாட்டில், பொழுது விடியும் நேரத்தில், புதர் மறைவில், மாப்பிள்ளைக்கு அருகே நிற்கும் ஓர் இளம்பெண், தான் குருவி பார்க்க வந்ததாகச் சொல்கிறாள். எதிரணியில் நான் இருந்தாலும் அதை நம்பியிருக்க மாட்டேன். மாப்பிள்ளை என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, "தங்கச்சி, போதும்" என்றார். முடிவுரை மட்டும் மீதமிருப்பதாகச் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்து சேர்ந்தார். உடல் முழுவதும் இலை அச்சிட்ட பச்சை வலை. முகத்தில் கண் மட்டும் தெரியும் துணி. தோளில் கை நீளத்துக்குக் கறுப்பு லென்ஸ். பனங்காடை பறந்துபோன கோபம் நடையில் தெரிந்தது. என் தோளுக்குப் பின்னால் அவர் உருவம் திரைக்குள் நுழைந்ததும் கூடமே எழுந்து நின்றது.

"ஏய், மிலிட்டரி வந்துருச்சு. துப்பாக்கியோட வாராய்ங்க" என்று அலறிய தாய்மாமன், அடுத்த நொடியே குரலைத் தாழ்த்தினார். "மாப்ள, ஓடாதீக. ஓடுனாத்தான் சுடுவாய்ங்க. கையத் தூக்கிட்டு அப்படியே நில்லுங்க. நான் சொல்றபடி கேளுங்க."

சம்பந்தம் முறிந்துவிட்டது என்று அப்போதுதான் தட்டை உள்ளே அனுப்பிய மனிதர், உயிரைக் காப்பாற்ற வழி சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையும் மறுபேச்சில்லாமல் கைகளைத் தூக்கிக்கொண்டார். அண்ணன் ஒன்றும் புரியாமல் தம் கையையும் தூக்கினார். திரைக்கு அப்பால் ஓர் அம்மா அழும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அது அவருடைய அம்மாவின் அழுகை. எனக்கு முடிவுரை மறந்துபோனது. சுத்தமாக, ஒரு சொல்லும் மிச்சமில்லாமல்.

அப்போது எங்கள் தலைக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்த ஆள்காட்டி கத்தத் தொடங்கியது. தித்தித்தீ, தித்தித்தீ என்று விடாமல், எங்களை ஊருக்கே காட்டிக் கொடுப்பதுபோல.

கூடத்தின் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "மாமா, அது ஆக்காட்டிக் குருவி மாமா."

"என்னது?"

"நம்ம கம்மாக்கரையில கெடந்து கத்துமே, அதே சத்தம். அந்த அக்கா ஆக்காட்டின்னு சொன்னது குருவியத்தான். நல்லாக் கேளுங்க."

பத்துப் பன்னிரண்டு பேர் மூச்சடக்கிக் கேட்டார்கள். பறவை இன்னும் இரண்டு சுற்று வந்தது. தாய்மாமன் மீசையைத் தடவிக்கொண்டு, "அட, ஆமா. அங்கிட்டும் இருக்கா இது" என்றார். மெல்ல உட்கார்ந்தார். அண்ணன் முகத்துணியை விலக்கி, தாம் ராணுவம் இல்லை, கணக்காளர் என்று தெரிவித்துக்கொண்டார். நான் அதை வழிமொழியலாம் என்று வாயெடுத்தபோது அந்தப் பெண் குரல் மீண்டும் வந்தது.

"அந்த அக்காவ மட்டும் கொஞ்சம் பேசாம இருக்கச் சொல்லுங்க."

கைப்பேசியை உரியவரிடம் கொடுத்துவிட்டேன்.

குரலுக்கு உரியவள், மணப்பெண்ணேதான், கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். கேள்வி கேட்டது அவள்தான். "நாணலுக்குள்ள எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

"ரூம்ல சிக்னல் இல்லைங்க" என்றார் மாப்பிள்ளை. பிறகு, "சிக்னல் இருந்தாலும் அங்க இருந்து பேசியிருக்க மாட்டேன். ஆறு பேரு, அடுக்குக் கட்டிலு. பார்த்தா வேணாம்னுருவீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"சரி, அத அப்புறமாப் பாப்போம். எந்திரிச்சு நில்லுங்க, உசரம் தெரியல."

அவர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், தம் கைலியைப் பார்த்தார். அதன் மடிப்பை இறக்கிவிடவும் தோன்றாமல், சேறு பூசிய முழங்கால்களோடு இரண்டடி பின்னால் போய் நின்றார். மேலே மணக்கோலம், கீழே நாற்று நடும் கோலம். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்கியபோது, கூடத்தில் யாரோ தட்டை மறுபடியும் வெளியே கொண்டுவந்து வைக்கும் ஓசை கேட்டது.

அதற்குள் மலைமுகட்டைத் தாண்டி வெயில் இறங்கிவிட்டது. இங்கே ஆகஸ்ட் வெயில் என்பது அடுப்புக்குள் தலையை நீட்டுவது மாதிரி. திரை மங்கி, அவர் கையால் மறைத்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசினார். அண்ணன் தம் பச்சை வலையைக் கழற்றி ஒரு முனையை என்னிடம் தந்தார். இரண்டாக மடித்து ஆளுக்கொரு பக்கம் உயர்த்திப் பிடித்தோம். அதன் நிழலில் உட்கார்ந்து அவர்கள் பேசினார்கள். சம்பளம், சாப்பாடு, கம்மாயில் தண்ணீர் கிடக்கிறதா, வருடத்துக்கு எத்தனை நாள் ஊருக்கு வர முடியும், வராத நாட்களில் அவள் என்ன செய்வாள். அந்தக் கடைசிக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. இல்லை என்றே சொன்னார். எனக்குத் தெரிந்த நல்ல பதில்கள் நான்கு என் நாக்கு நுனிவரை வந்தன. தோள் கடுத்தது, வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. வலையை இறக்கவுமில்லை, வாயைத் திறக்கவுமில்லை.

அடுத்த மாத விடுமுறையிலேயே திருமணம் முடிந்தது. அண்ணனின் எண்ணுக்கு மணக்கோலப் படம் ஒன்று வந்தது; மாப்பிள்ளை இம்முறை பட்டுவேட்டியில், முழு உயரத்தில். என் பட்டிமன்றத்தில் நாங்கள் தோற்றோம், அது வேறு கதை. இன்றும் ஒலிவாங்கியைக் கையில் எடுக்கும்போது எனக்கு அந்தத் தோள்வலி இலேசாக நினைவுக்கு வருகிறது: இருவர் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய இடத்தில் மூன்றாமவர் செய்யத்தக்க பேருதவி, அவர்களுக்கு நிழல் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பதுதான்.