எர்த் இல்லாத வீட்டில் டீ குடிக்காதவன்

என் தம்பிக்குத் தெரு வைத்த பெயர் எர்த்து. மாடிகளில் சோலார் பேனல் மாட்டுவது அவன் தொழில். மற்றவர்கள் மாட்டி முடித்ததும் கரண்ட் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பார்கள். இவன் ஒருவன்தான், கசிந்தால் அது எங்கே போகும் என்று பார்ப்பான். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, "எர்த் இருக்கா?" இல்லையென்றால் அங்கே டீகூடக் குடிக்க மாட்டான். அவனுக்கு வரன் பேசப் போன வீட்டில் பிரிட்ஜைத் தொட்டுப் பார்த்து, "லேசா ஷாக் அடிக்குது மாமா" என்றான். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நாங்கள் வளர்ந்த வாடகை வீட்டில் குளியலறைக் குழாய் சுருக்கென்று கடிக்கும். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு குளிப்போம். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். பள்ளிக்கூடம் படிக்கும்போது இவன்தான் சுவிட்ச் பெட்டியைக் கழற்றிப் பார்த்தான். எர்த்துக்கான பச்சை ஒயர் லட்சணமாக உள்ளே வந்து, எதிலும் சேராமல், சுவருக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது.

எர்த் சமாச்சாரத்தில் யாராவது கை வைத்தால் அவனுக்கு ரத்தம் தலைக்கேறிவிடும். எங்கள் சித்தப்பா ஒருமுறை இவன் மாட்டிய பச்சை ஒயரை அவிழ்த்துத் துணி காயப்போடக் கொடி கட்டினார். இன்றுவரை இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

இந்த வருடம் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் ஆரம்பித்தான். முதல் வேலை என் வீட்டு மொட்டைமாடி. ஆரம்பமே என் ரோஜாச் செடிகளுக்குப் பக்கத்தில் மூன்று குழி.

"மூணு எதுக்குடா? புதையலா எடுக்கப்போற?"

"பேனலுக்கு ஒண்ணு, இன்வெர்ட்டருக்கு ஒண்ணு, இடிதாங்கிக்கு ஒண்ணுக்கா."

"எனக்கு ஒண்ணு வெட்டிடு. உன்னோட மல்லுக்கட்டி நானும் போய்ச் சேர்றேன்."

அதே சமயத்தில் வெளிச்சுவருக்கு வெள்ளையடிக்க ஒரு பெயிண்டர் பெண்ணை அமர்த்தியிருந்தேன். அவள் வேலையைப் பார்த்தால் கண்ணை எடுக்க மாட்டீர்கள். சுவரில் ஆணி இருந்தால் மற்றவர்கள் ஆணியோடு சேர்த்து அடித்துவிட்டுப் போவார்கள். இவள் ஆணியைப் பிடுங்கி, அதன் அடியிலும் அடித்து, காயவைத்து, அதே ஓட்டையில் திரும்ப வைப்பாள்.

என் தம்பி விழுந்துவிட்டான். எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவள் தன் வீட்டுப் பிளாஸ்கிலிருந்து ஊற்றி நீட்டிய டீயை எர்த்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் குடித்தான்! தெருவுக்கே எர்த் பாடம் எடுத்தவன் அவள் முன்னால் ஊமையாகிவிட்டான். அத்தனை நாளில் அவளிடம் பேசியது ஒரே வாக்கியம்: "உங்க வேலை ரொம்ப சுத்தங்க."

"வாயைத் திறந்து கேளேன்டா" என்று நச்சரித்தேன். "கரண்டு ஆபீசர் வந்து செக் பண்ணி சரின்னு சொல்லட்டும்க்கா. அன்னைக்கே கேட்டுடறேன்" என்றான். அவளுக்கோ ஆபீசர் வரும் அன்றோடு வேலை முடிகிறது. மறுநாள் வேறு ஊரில் ஒரு பெரிய கட்டடத்துக்குப் போகிறாள். அன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

அந்த நாளும் வந்தது. காலையில் தம்பியும் நானும் மாடி ஏறினால் பேனல்களைத் தாங்கும் இரும்புக் கால்கள், சட்டங்கள் எல்லாம் வெள்ளி நிறத்தில் பளபளக்கின்றன. பக்கத்தில் அவள், கையில் ஒரு டப்பா மூடியோடு.

"முந்தாநாள் நீங்க கிளம்பினப்புறம் அடிச்சேன். பிடிச்சிருக்கா? போல்ட்டெல்லாம் கழட்டி அடியிலயும் ரெண்டு கோட் அடிச்சிருக்கேன். இந்தப் பல்லு வச்ச வாஷரெல்லாம் கீறல் போட்டுட்டு இருந்துச்சு. எடுத்துட்டு வழவழன்னு இருக்கறதா பார்த்து மாட்டிட்டேன்."

மூடியில் அவனுடைய வாஷர்கள் அத்தனையும் கழுவித் துடைக்கப்பட்டு இருந்தன. இவன் மீட்டரை எடுத்தான். எர்த் சரியாக இருந்தால் அது பீப் என்று கத்தும். ஒரு முனையை ஒரு சட்டத்திலும் மறுமுனையை இன்னொன்றிலும் வைத்தான். சத்தமே இல்லை. பேயறைந்தவன் போல நின்றான். ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி தானே கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

காதருகில் போய்ச் சொன்னேன்: "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாங்க. நீ சும்மாவாவது இருடா. ஆபீசரை நாளைக்கு வரச் சொல்லலாம். அவ போனதும் சுரண்டிக்கலாம்."

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. அவளைப் பார்த்தான்.

"அழகா இருக்குங்க. இவ்வளவு அழகான ஸ்டாண்டை நான் பார்த்ததே இல்ல. ஆனா எர்த் போச்சு. அந்தப் பல்லு கீறினாத்தான் இரும்பும் இரும்பும் தொடும். பெயிண்ட் வழியா கரண்ட் போகாது. நாளைக்கு எங்கயாவது ஒயர் தேஞ்சு கசிஞ்சா, பூமிக்குப் போக வழியில்லாம, பேனலைத் தொடறவங்க உடம்பு வழியா போகும். பேனல் துடைக்கப் போறது எங்க அக்காதான்."

போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் இந்தக் கிறுக்கனைத் திட்டவும் மனசு வரவில்லை.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" அவள் குரல் உயர்ந்தது. "தெரு நாய்க்குக்கூட எர்த் பத்திச் சொல்றீங்க. எங்கிட்ட மட்டும் வாயில கொழுக்கட்டையா?" உப்புத்தாளை எடுத்து இரண்டாகக் கிழித்து ஒன்றை அவனிடம் நீட்டினாள். "எந்தெந்த போல்ட்டு?"

மூன்று பேரும் மாடியில் உட்கார்ந்து சுரண்டினோம். அவள் சுரண்டியதும் அடித்ததைப் போலவே அளவெடுத்த வட்டம். நடுவில் யாருக்கோ சிரிப்பு வந்தது, பிறகு மூன்று பேராலும் அடக்க முடியவில்லை. தலையெல்லாம் வெள்ளித்தூளோடு நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆபீசர் வந்து நின்றார்.

பல் வாஷர்களைப் போட்டு முடுக்கியாயிற்று. இனிச் சோதனை. மீட்டரிலிருந்து போகும் நீள ஒயரின் நுனியைக் கீழே குழியிலுள்ள கம்பியில் பிடிக்க வேண்டும். அதன் கிளிப்பில் ஸ்பிரிங் போய்விட்டது, கையால்தான் அழுத்த வேண்டும். "நான் பிடிக்கிறேன்" என்று அவள் இறங்கிப் போனாள்.

ஆபீசர் காட்டிய இடத்திலெல்லாம் தம்பி மீட்டரை வைத்தான். பீப். பீப். பீப். "சரி" என்று ஆபீசர் தலையாட்டினார். இவன் மீட்டரைச் சட்டத்திலிருந்து எடுக்காமலே, கைப்பிடிச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, தெருவே கேட்கக் கத்தினான்:

"ஏங்க! என்னைக் கட்டிக்கிறீங்களா?"

மீட்டர் சத்தம் நின்றது. கிளிப்பை எடுத்துவிட்டாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஆபீசர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பீப்.

பிறகு நிறுத்தாமல் பீப் பீப் பீப் என்று அலறியது. எட்டிப் பார்த்தால், குழி அருகே குனிந்து, கிளிப்பால் கம்பியைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். என் ரோஜாச் செடியை மிதித்துக்கொண்டு! அன்றைக்கு மட்டும் மன்னித்துவிட்டேன்.

அந்தக் கிளிப்புக்குப் புது ஸ்பிரிங் போடச் சொல்லி நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். தம்பி கேட்பதாக இல்லை. கீழே பிடிக்க ஆள் இருக்கிறதாம்.