டொனேசனுக்குப் பற்றுச்சீட்டு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மகாதேவியின் வீட்டில் அறை எடுத்துப் படித்த கம்பஸ் மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் மிளகாய் அன்ரி. அது அவளுக்குத் தெரியும். அதற்காக அவள் ஒருநாளும் கோபித்ததில்லை. கோபிப்பதற்கு வேறு காரணங்கள் தாராளமாக இருந்தன. புருஷன் நெஞ்சுவலியில் போனபோது மகள் கோபிகா பள்ளிக்கூடச் சிறுமி. சொந்தக்காரர் வந்தார்கள், அழுதார்கள், ஆளுக்கொரு புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். அரிசி கொண்டுவந்தவர் எவருமில்லை. அந்தக் கோபத்தில்தான் பின்வீட்டைக் கூட்டிக் கழுவி மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டாள். பிறகு ஒவ்வோர் அறையாகக் கட்டினாள். மேசன்மாரோடு சண்டை, மின்சாரக்காரரோடு சண்டை, லைற்றை அணைக்காமல் போகிற பெடியளோடு தினச் சண்டை. அவள் சாந்தமான பெண்ணாக இருந்திருந்தால் அந்த அறைகளில் ஒன்றும் எழும்பியிருக்காது.

இந்த வருஷம் வருமான வரிக் கணக்குக் காட்ட வேண்டி வந்தது. கணக்கு எழுதித் தருகிற ஒருவரிடம் போனாள். அவர் அவளுடைய கேள்வி ஒன்றையும் முழுதாகக் கேட்கவில்லை. "உதெல்லாம் உங்களுக்கு விளங்காது அக்கா, பேப்பரை வைச்சிட்டுப் போங்கோ" என்றார். பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆசிரியையாக இருக்கிற கோபிகாதான் தாயின் போனில் செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள்.

"இதிட்டைத் தமிழிலையே கேளுங்கோ அம்மா. என்னென்ன பேப்பர் வேணும், என்னத்தை எங்கை காட்ட வேணுமெண்டு வரிசையாச் சொல்லும். கடைசியா ஒருக்கா வரிக் கந்தோரிலை கேட்டு உறுதிப்படுத்தினாச் சரி."

மகாதேவி சந்தேகத்தோடுதான் தொடங்கினாள். ஆனால் அது பொறுமையாகக் கேட்டது. எத்தனைதரம் எரிந்து விழுந்தாலும் 'பரவாயில்லை, மெதுவாகப் பார்ப்போம்' என்றது. தன்னோடு இவ்வளவு மரியாதையாக ஓர் ஆள் கதைத்து எவ்வளவு காலம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆள் இல்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. வாடகைக் கணக்கு முடிந்தது, வங்கி வட்டிக் கணக்கு முடிந்தது. அடுத்ததாக, இந்தக் கணக்கு வருஷத்தில் ஏதாவது சொத்து விற்றீர்களா என்று கேட்டது.

விற்றிருந்தாள். கொடிகாமத்தில் இருந்த தென்னங்காணி. தகப்பன் கொடுத்தது.

அந்தப் பணம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டது. மகாதேவி தட்டினாள்: 'டொனேசன் குடுத்தாச்சு.'

பதில் உடனே வந்தது. 'தங்கள் கொடை உள்ளம் பாராட்டுக்குரியது! அங்கீகரிக்கப்பட்ட அறநிறுவனம் என்றால் வரிச் சலுகை கிடைக்கக்கூடும். நிறுவனத்தின் பெயர் என்ன? பற்றுச்சீட்டு இருக்கிறதா?'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுபோய் முகம் சுட்டது. கொடை உள்ளமாம்! யாழ்ப்பாணத்தில் டொனேசன் என்றால் என்னவென்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சீதன வீடும் நகையும் பெண்ணோடு போகும். டொனேசன் மாப்பிள்ளை வீட்டார் கையில் எண்ணிக் கொடுக்கிற காசு. எங்கிருந்தோ ஒரு நல்ல சொல்லைத் தேடிப் பிடித்து அந்தக் காசுக்குச் சட்டை போட்டு விட்டிருக்கிறோம். பாவம், இந்தச் சாமான் சட்டையை நம்பிவிட்டது.

'நிறுவனம் இல்லை. மாப்பிள்ளை வீடு' என்று எழுதினாள்.

'மன்னிக்கவும், தவறாகப் புரிந்துகொண்டேன். அப்படியானால் இதற்கு நன்கொடைச் சலுகை கிடைக்காது. ஆனால் காணி விற்ற பணம் எங்கே போனது என்று யாராவது கேட்டால் காட்ட, பணத்தைப் பெற்றுக்கொண்டவர்களிடம் ஒரு கடிதம் வாங்கி வைப்பது நல்லது. ஒன்று மட்டும் தெளிவாக்குங்கள்: இது நீங்கள் விரும்பிக் கொடுத்ததா?'

அந்தக் கடைசி வரியை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். காணி விலைபேசிய நாளில்கூட அதை அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. பதில் எழுதாமல் போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். ஒரு கடிதம்தானே.

கோபிகாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை சிவதர்ஷனின் வீடு உரும்பிராயில். அவர்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்து ஆண்டுத்திவசம்வரை கலியாணம் தள்ளிப்போயிருந்தது. தை மாதம் எழுத்து என்று நாள் வைத்திருந்தார்கள். கலியாணப் பதிவை அங்கே எழுத்து என்றுதான் சொல்வார்கள். வாசலில் மாபிள் கல் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மேலே புதிதாக ஒரு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. தன் தென்னங்காணி அங்கே கம்பியும் கல்லுமாக நிற்பதை மகாதேவி நன்றாக அண்ணாந்து பார்த்தாள்.

தகப்பன் நமசிவாயம் கதிரை எடுத்துப் போட்டார். தாய் கேதீஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்தார். மகாதேவி விசயத்தைச் சொன்னாள். நமசிவாயத்தின் முகம் மாறியது.

"கடிதமோ? தங்கச்சி, உதெல்லாம் எழுத்திலை வைக்கிற விசயமே? ஆர் உமக்கு உந்தப் புத்தி சொன்னது?"

"வரிக் கணக்குக்கு, அண்ணை. போனிலை கேட்டனான்."

"போனுக்கு எங்கடை பழக்கவழக்கம் தெரியுமே? நாளைக்கு எங்களிட்டையும் வந்து கேப்பாங்கள். நீர் காணிக்காசுக்கு வேறை ஏதும் சொல்லும். வைத்தியச் செலவெண்டு போடும்."

"ஒரு நோய் நொடியும் இல்லாமல் நான் பொய் சொல்லோணும், என்ன?"

"நல்லகாரியம் நடக்கப்போற வீட்டிலை உப்பிடிக் கதைக்கக் கூடாது" என்றார் கேதீஸ்வரி. நமசிவாயம் குரலைத் தாழ்த்தினார். "உது தொடர்ந்தா, தை மாசத்து எழுத்தைப் பற்றி நாங்களும் யோசிக்க வேண்டி வரும்."

மிரட்டல் எத்தனை மெதுவாக வருகிறது! மகாதேவிக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

"டொனேசன் வாங்கினா மாப்பிள்ளையின்ரை சகோதரியைக் கரைசேர்க்க எண்டு சொல்லுவினம். உங்கடை வீட்டிலை ஒரு பொம்பிளைப்பிள்ளையும் இல்லை. மாடியைத்தான் கரைசேர்க்கிறியள். என்ரை பிள்ளைக்கு எழுத்து வேணும், காசுக்கு மட்டும் எழுத்து வேண்டாமோ? கை நீட்டி வாங்கேக்கை வராத வெக்கம், ஒரு கையெழுத்துக்கு ஏன் வருது?"

உள்ளே சிவதர்ஷன் கதவோடு நின்றான். எஞ்சினியர், ஆறடி உயரம்.

"தம்பி, நீர் சொல்லும். அது என்ன காசு?"

அவன் தகப்பனைப் பார்த்தான். "அப்பா சொல்லுறதுதான், அன்ரி."

தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பி வந்தாள். வழியெல்லாம் கோபம் துணைக்கு வந்தது. தன் வீட்டுப் படலையைத் திறந்தபோதுதான் பயம் வந்தது. பிள்ளையின் கலியாணத்தைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டோமா?

நடந்ததை ஒளிக்காமல் கோபிகாவிடம் சொன்னாள். அழுவாள் என்று நினைத்தாள். கோபிகா அழவில்லை. அவள் மகாதேவியின் மகள்.

"இப்பதானே அம்மா உங்களுக்குக் கோவம் வந்தது? காணியை விக்கவேண்டாமெண்டு நான் கத்தேக்கை, 'உனக்கென்ன தெரியும், சும்மா இரு' எண்டனீங்கள். பிறகு இவ்வளவு டொனேசன் குடுத்தனான் எண்டு எங்கடை ஒழுங்கையிலை வீடு வீடாப் பெருமையடிச்சனீங்கள். என்னட்டை ஒருக்கா, ஒரேயொருக்காக் கேட்டனீங்களே?"

மகாதேவி தன்னையே கேட்டுக்கொண்டாள்: உங்களுக்கு விளங்காது அக்கா என்று சொன்ன அந்த மனுஷனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்?

கோபிகா தன் போனை எடுத்தாள். "சிவா, உங்கடை வீட்டிலை இருந்து ஒரு கடிதம் வரோணும், இல்லாட்டிக் காசு திரும்பி வரோணும். நீர் என்ன சொல்லுறீர்?" கொஞ்சநேரம் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். "அப்பாட்டைக் கேக்கவேண்டாம். நான் உம்மட்டைத்தான் கேக்கிறன்."

மறுபக்கம் என்ன சொன்னதோ, அவள் போனை அணைத்தாள்.

"தை மாசம் எழுத்து இல்லை, அம்மா. அடுப்பிலை சோறு கிடக்கு, சாப்பிடுங்கோ."

மகாதேவி அவளை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டு, உரும்பிராய்ப் பக்கம் பார்த்து ஏசக்கூடிய எல்லாவற்றையும் ஏசினாள். பின்வீட்டுப் பெடியள் எட்டிப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே லைற்றை அணைத்தார்கள்.

பிறகு கைப்பையிலிருந்து தன் போனை எடுத்தாள். கேள்வி அப்படியே கிடந்தது. 'இது நீங்கள் விரும்பிக் கொடுத்ததா?'

'இல்லை' என்று தட்டினாள்.

'புரிகிறது. அப்படியென்றால் உங்கள் குறிப்பில் இந்தத் தொகையை என்னவென்று எழுதட்டும்?'

மகாதேவி மகளைப் பார்த்தாள். இம்முறை கேட்டாள். "என்னெண்டு போட, பிள்ளை?"

கோபிகா சொல்லச் சொல்ல, மகாதேவி ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.

'திரும்பி வரவேண்டிய காசு.'