கேக்கின் கருகிய ஓரம்

கோவளத்தில் ஜெனிட்டாவின் வீட்டுக்கு வழி கேட்டால், "நாய் பிஸ்கோத்து டீச்சரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அவள் வேலை பார்த்த நர்சரிப் பள்ளியை மூடிவிட்ட சமயம், ஈ.சி.ஆர். பங்களா ஒன்றிலிருக்கும் மேக்னா, தன் நாய்க்குக் கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை, வேறு ஏதாவது செய்து தர முடியுமா என்று வந்து கேட்டாள். கேழ்வரகு மாவில் பிஸ்கோத்து சுட்டுக் கொடுத்தாள் ஜெனிட்டா. அப்படி ஆரம்பித்த தொழில். சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்து மசித்து, வேர்க்கடலை அரைத்துச் சேர்த்து, உப்பு சர்க்கரை இல்லாமல் ஓவனில் மொறுமொறுவென்று எடுப்பாள். கிறிஸ்துமஸ் வந்தால் நட்சத்திரம், மணி என்று வடிவங்கள், பெட்டிக்குச் சிவப்பு ரிப்பன். வாங்க வருகிறவர்களிடம் அவளுக்குள்ளிருந்த டீச்சர் எட்டிப்பார்ப்பாள். "சாக்லேட் கூடாது, வெங்காயம் கூடாது. திராட்சை கண்ணுலயே காட்டாதீங்க, கிட்னி போயிடும்."

போன டிசம்பரில் ஆர்டர் குவிந்தது. அதற்கு நடுவில் வீட்டுக்கென்று போட்ட பிளம் கேக்கின் ஒரு பக்கம் கருகிவிட்டது. கருகினதை வெட்டிப் பின்வாசலில் வீசினாள். மீன் காயப்போடும் இடத்திலேயே படுத்துக்கிடந்து 'கருவாடு' என்று பேர் வாங்கிவிட்ட தெருநாய் ஒன்று ஓடிவந்து விழுங்கியது. துண்டு முழுக்க ஊறவைத்த திராட்சை. அவள் கண்ணில் அது படாமல் இல்லை. பட்டும் மனசில் ஏறவில்லை. கதவைச் சாத்திவிட்டு அடுத்த தட்டை ஓவனுக்குள் தள்ளினாள்.

மறுநாள் காலை கருவாடு சுவரோரம் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு பார்வதம் மீன் விற்கிறவள். மீந்த தலைகளைப் போட்டு அந்த நாயை வளர்த்தவளும் அவள்தான்.

"இன்னா ஜெனிட்டா, இது இப்டி கீது? இன்னாத்த துன்னுச்சுன்னே தெர்லியே."

ஜெனிட்டா திரும்பிப் பார்த்தாள். உள்ளே மேசை கொள்ளாமல் பெட்டிகள். தன் கையால் போட்டதைத் தின்று ஒரு நாய் விழுந்தது என்று வெளியே தெரிந்தால்?

"கெட்டுப்போன மீன் எதுனா துன்னுருக்கும்க்கா."

பார்வதத்தின் முகம் வெளிறிப்போனது. "ஐயோ, நேத்து நான் போட்ட தலையா? ஐஸு பத்தாம வெச்சிருந்தேனே!"

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "இருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டு ஜெனிட்டா உள்ளே போய் ரிப்பன் கட்ட உட்கார்ந்தாள். பார்வதம் அன்றைக்கு வியாபாரத்துக்குப் போகவில்லை. நாயின் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டு, "பாவி நானு, பாவி நானு" என்று புலம்பியது ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டே இருந்தது. ஜெனிட்டா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

அடுத்த நாள் நாயால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. பார்வதம் அதைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினாள். வீட்டில் இருப்புக்கொள்ளாமல் ஜெனிட்டாவும் கூட ஏறினாள். மாட்டாஸ்பத்திரியில் டாக்டர், என்ன தின்றது என்று கேட்டார்.

"நாந்தான் சார். கெட்ட மீன போட்டுட்டேன்," என்று பார்வதம் அழுதாள்.

டாக்டர் ஊசி மருந்தை எடுக்கத் திரும்பினார்.

"மீன் இல்ல சார்," என்றாள் ஜெனிட்டா. "கேக்கு. திராட்சை போட்ட கேக்கு. நான்தான் போட்டேன்."

"நாய்க்குத் திராட்சை ஆகாதுன்னு தெரியாதாம்மா?"

தெரியாது என்றிருந்தால் அதோடு போயிருக்கும். "தெரியும் சார்," என்றாள். பார்வதம் தன்னையே பார்ப்பது தெரிந்தது. தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மனசில் பாவத்தை வைத்துக்கொண்டு வாங்கக் கூடாதென்று, கிறிஸ்துமஸ் பூசையில் நற்கருணை அப்பம் வாங்க அவள் எழுந்து போகவில்லை. புருஷன் ஆல்வின் கேட்டதற்குத் தலைவலி என்றாள். தினமும் கொண்டுபோய் சலைன் ஏற்றியதில் கருவாடு பிழைத்துக்கொண்டது. ஆனால் ஒட்டிப்போன வயிறு பழையபடி ஆகவே இல்லை. மேக்னாவிடம் ஒருநாள் நடந்ததைச் சொன்னபோது, "தெருநாய்ங்க எதையும் தாங்கும், விடுங்க ஜெனிட்டா," என்று ஆறுதலாகத்தான் சொன்னாள். ஜெனிட்டா கூனிக்குறுகிப்போனாள். கேக்கை வீசியபோது தனக்குள் இருந்த நினைப்பும் அதுதான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

பார்வதம் பேச்சை நிறுத்தியிருந்தாள். பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் தெருக்குழாயடியில் இருவரும் தனியாக நின்றார்கள்.

"அக்கா, மன்னிச்சுக்கக்கா."

"நாய்க்குப் போட்டத வுடு. நாந்தான் கொன்னுட்டேன்னு அன்னிக்கு ராவு பூரா ஒக்காந்துகினு இருந்தேன். நீ உள்ள படுத்துகினு இருந்த."

பார்வதத்தின் குடம் நிரம்பி வழிந்தது.

"நின்னுகினே இருக்கியே, தூக்கி வுடு," என்றாள் பார்வதம்.

தூக்கி அவள் இடுப்பில் வைத்தாள். இப்போது இருவரும் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் முன்போல ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போவதில்லை.